வைட்டமின் டி: இரண்டு வருட அனுபவம்

எனக்கு 69 வயது. மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே 30 வருடத்துக்கு மேல் தையல் மெஷின் மிதித்தவன். "வைட்டமின் டி குறைவு, வெயில் படாததுதான் காரணம்" என்று டாக்டர் சொன்னதும் நான் நம்பவில்லை. மதுரைக்காரனுக்கு வெயில் குறையுமா? அப்புறம் யோசித்தால், காலையில் கல் மண்டபத்துக்குள் போய் விளக்கு வைத்த பிறகு வெளியே வந்தவன் மேல் அது எப்போது பட்டது? ரத்தப் பரிசோதனையில் 9 வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதான்.

ராத்திரியில் இடுப்பிலும் கால் எலும்பிலும் ஒரே குடைச்சல். அதைவிடக் கஷ்டம், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பேரன் கை கொடுத்துத் தூக்கவேண்டும். பாண்டி கோயில் கிடாவெட்டுக்குச் சொந்தக்காரர்கள் கூப்பிட்டால், தரைப் பந்திக்குப் பயந்தே வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வாரம் ஒரு மாத்திரை, 60,000 யூனிட், எட்டு வாரம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும் என்றார்கள். ஞாயிறு மதியம் கறிச்சோற்றுக்குப் பிறகு போட்டுக்கொள்வேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. பணம் வீண் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழிந்த பிறகு, நடுராத்திரி விழிப்பு வரவில்லை என்பதை வீட்டுக்காரிதான் கவனித்துச் சொன்னாள். மூன்றாம் மாதம் பார்த்தபோது 34. அதிலிருந்து மாதம் ஒன்று.

முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. அது தேய்மானம், இந்த மாத்திரைக்குக் கேட்காது. எல்லா வலிக்கும் இது மருந்து என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சத்து குறைந்தவருக்குத்தான் இது பலன் தரும். அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்தவர்கள் இல்லை. அவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

இன்னொன்று. எங்கள் தெருவில் ஒருவர் வார மாத்திரையைத் தினமும் போட்டுவிட்டார். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல்; ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியதாயிற்று. சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தயவுசெய்து பரிசோதனை இல்லாமல், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வெயிலுக்கு, பதினொரு மணிவாக்கில் மொட்டைமாடியில் கால்மணி நேரம் நிற்கிறேன். விடியற்காலை நடை இதற்கு உதவாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது.

போன மாதம் பாண்டி கோயிலில் தரைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முட்டி வலித்தது. ஆனாலும் கையைத் தரையில் ஊன்றி நானே எழுந்தேன்.