இரண்டரை வயது மகளின் குடல்வால்: காரைக்குடிப் பயணத்தில் கண்டது

இலண்டனிலிருந்து காரைக்குடிக்கு வந்த நான்காம் நாள் இரவு, என் இரண்டரை வயது மகள் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். விடிவதற்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டன. "தண்ணி மாறுனது ஒத்துக்கலப்பா" என்றார் அப்பத்தா. அருகிலிருந்த மருத்துவமனையிலும் அதையே சொல்லி, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் மருந்துச் சீட்டும் கொடுத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். குழந்தையின் வயிற்றை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதை நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவள் வலக்காலை மடக்கியபடியே கிடந்தாள். டயப்பர் மாற்றுவதற்காக அந்தக் காலை நீட்டியதும் வீறிட்டாள், வயிறும் உப்பியிருந்தது. காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியில் வேகத்தடை வந்த இடமெல்லாம் அழுதாள்.

அங்கிருந்த குழந்தை அறுவை மருத்துவர், நாங்கள் சொன்னவற்றில் அந்த வேகத்தடை அழுகையைத்தான் முதலில் எழுதிக்கொண்டார். குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அவள் கண்ணயரும்வரை காத்திருந்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்க அடிவயிற்றிலும் மெல்ல விரல் வைத்தார். வலப்பக்கம் தொட்டதும் தூக்கத்திலேயே அவள் முகம் சுருங்கியது.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கினால், பெரிய பிள்ளைகள் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். சொல்லத் தெரியாத வயதில் வாந்தி, காய்ச்சல், பேதி என்று சாதாரண வயிற்றுக் கோளாறு போலவே தோன்றுவதால் நாள் கடந்துவிடுகிறது. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை இவ்வயதில் நன்றாக வளர்ந்திருக்காது என்பதால், குடல்வால் வெடித்தால் சீழ் ஓரிடத்தில் அடங்காமல் வயிறெங்கும் பரவுகிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கண்டறியப்படும்போதே அது வெடித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள்.

முன்பணம் கேட்டு நிறுத்தாமல் உடனே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்கள். வழக்கமாக 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய குடல்வால் 9 மில்லிமீட்டர் தடித்து, கருவியால் அழுத்தியும் அமுங்காமல், உள்ளே ஒரு சிறு மலக்கல்லுடன் தெரிந்தது. சுற்றிலும் நீர் கோத்திருந்தது. இதுவே போதும், சி.டி. ஸ்கேன் எடுத்துக் குழந்தைக்குக் கதிர்வீச்சு தர வேண்டாம் என்று சொல்லி, அன்றிரவே மருத்துவர் லேப்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாக, அறுவை செய்தார். குடல்வால் வெடித்துத்தான் இருந்தது. ஏழு நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறியது.

எட்டாம் நாள் அப்பத்தா ஊட்டிய ரசஞ்சோற்றை அவள் மீதமின்றிச் சாப்பிட்டாள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி அறிக்கையையும் இலண்டன் மருத்துவரிடம் கொடுப்பதற்காகக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.