மூவெட் வாசிப்புத் தாள்: பயிற்சி நூலா, கைப்பேசியா, பிரத்தியேக வகுப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில், பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான மூவெட்டுக்குப் பதிந்த நாளிலிருந்து பேச்சுத் தாளும் எழுத்துத் தாளும்தான் கவலையாக இருக்கின்றன. வாசிப்புத் தாள் முழுவதும் தெரிவுக் கேள்விகள் என்பதால், அதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். என் அண்ணன் மகளுக்குத் துணையாக உட்கார்ந்தபோது, இங்கு வழக்கிலுள்ள மூன்று வழிகளையும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1999இல் தொடங்கிய மூவெட், 2021இல் புதிய அமைப்புக்கு மாறியது. முன்பு 90 நிமிடத்தில் 45 கேள்விகளாக இருந்த வாசிப்புத் தாளில் இப்போது 75 நிமிடத்தில் 40 கேள்விகள். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு தாள்களுக்கும் மதிப்பெண்ணில் சமமாக 25 விழுக்காடு. ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில வாசிப்புத் தாளிலும் 40 கேள்விகள்தாம். ஆனால் அங்கே ஒன்றரை மணி நேரம் உண்டு. அந்த வேகத்திலேயே பழகிய பிள்ளைகளுக்கு, மூவெட்டில் பனுவல்கள் நீண்டு கடினமாகும் கடைசிப் பகுதிகளில் நேரம் போதாமல் போய்விடுகிறது.

பயிற்சி நூல்களின் பெரிய பலம், முழுத் தாளையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் செய்ய முடிவது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நூல் பெரும்பாலும் அக்காளிடமிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோதான் வருகிறது. அது 2021க்கு முந்தியதாக இருந்தால், பனுவலிலிருந்து எடுக்கப்பட்ட ஆறு வாக்கியங்களை உரிய இடத்தில் பொருத்தும் பகுதியே அதில் இருக்காது. அட்டையைத் திறந்ததும் 45 கேள்விகள் தெரிந்தால், அதைக் கருத்துணர்தல் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம். நேரப் பயிற்சிக்குக் கூடாது.

நூலின் உண்மையான குறை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எங்களிடம் இருந்த நூலின் விடைப் பகுதியில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஒரு பனுவலில், இரவுச் சந்தை வியாபாரிகள் புதிய விதியை ‘ஹார்ட்லி’ (hardly, ‘அநேகமாக இல்லை’ என்று பொருள்) கவனித்தார்கள் என்று ஒரு வாக்கியம் வந்தது. வியாபாரிகள் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினார்கள் என்ற ‘ஏ’ தெரிவை அண்ணன் மகள் வட்டமிட்டிருந்தாள். விதியால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்ற ‘பி’தான் சரியான விடை. அவள் ‘ஏ’வை அழித்து ‘பி’யை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து வேறொரு பனுவலில் அதே சொல் வந்தபோதும் அதே தவறைச் செய்தாள். “‘ஏ’ ஏன் தவறு?” என்று கேட்டேன். “ஹார்ட்லின்னா கஷ்டப்பட்டுன்னுதானே சித்தப்பா?” என்றாள். அந்தக் கேள்வியை அன்று கேட்காமல் விட்டிருந்தால், இன்னும் பத்து நூல்களை முடித்தாலும் அந்தச் சொல் அவளுக்குப் பிடிபட்டிருக்காது.

கைப்பேசியில் கிடைக்கும் இலவசப் பயிற்சிகளில் பல இந்த இடத்தில் நூலை மிஞ்சிவிடுகின்றன: தவறிய உடனே சிவப்பு நிறம், அதன் கீழே ஒரு விளக்கம். தோட்டத்துக்குள் இணையத் தொடர்பு சரியாக இருந்தால், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இருபது சொற்களைப் பழகிவிடலாம். ஆயினும் நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஐந்தாறு வரிப் பத்திகள்; கருத்துணர்தல் என்ற பெயரில் இலக்கணத்தைச் சோதிப்பவையும் உண்டு. இரண்டு எழுத்தாளர்களின் கருத்துகளை ஒப்பிட வேண்டிய நீண்ட பனுவலுக்கு அவை பழக்குவதில்லை. சொல்வளத்துக்குக் கைப்பேசி போதும். வாசிப்புத் தாளுக்குப் போதாது.

பிரத்தியேக வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பட்டணத்தில் இரவு ஒன்பதரைக்கு முடியும் வகுப்பிலிருந்து பிள்ளையை அழைத்துவர, வேலை முடிந்து களைத்த அப்பா மோட்டாரில் போய்க் காத்திருக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஏற்ற பலன் ஆசிரியரைப் பொறுத்தது. விடைகளை வரிசையாகப் படித்துச் சொல்லும் வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது வீண். நூலின் விடைப் பக்கமும் அதைத்தான் சொல்கிறது. மற்ற தெரிவுகள் ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகளையே பேசவைக்கும் ஆசிரியர் கிடைத்தால், வேறெதையும் தேட வேண்டாம்.

எங்களுக்கு அப்படிப்பட்ட ஆசிரியர் கிடைக்கவில்லை. அதனால் 2021க்குப் பின் வந்த ஒரே ஒரு நூலை வாங்கி, அடுத்த வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டோம். சனிக்கிழமை காலை 75 நிமிடம் இருவரும் தனித்தனியே எழுதுவார்கள். விடைப் பக்கத்தைத் திறக்கும் முன், இருவரின் விடையும் வேறுபட்ட கேள்விகளை மட்டும் எடுத்து, பனுவலில் எந்த வரி தன் பக்கம் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தாளுக்கு மேல் முடிவதில்லை. முதல் இரண்டு வாரம் மதிப்பெண்ணும் ஏறவில்லை. மூன்றாம் வாரம், பொருத்தும் பகுதியில் ஒரு வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்த ‘தீஸ்’ (these, ‘இவை’) என்ற சொல் எதைச் சுட்டுகிறது என்று இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். விடைப் பக்கத்தைத் திறந்தபோது இரண்டு பேருமே தவறு. அன்றுதான் முதல்முறையாக, நான் சொல்லாமலே இருவரும் பனுவலை முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தார்கள்.