மடத்துக் கேக்கா, ஊர் பேக்கரியா? கிறிஸ்துமஸ் தின்பண்டப் பரிசுகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குத் தின்பண்டம் பரிசாக அனுப்ப நினைப்பவர், பெருநிறுவனங்களை ஒதுக்கிவிட்டால், இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று, கத்தோலிக்கத் துறவு மடங்கள். மற்றொன்று, குடும்பமாக நடத்தும் பேக்கரி, மிட்டாய்க் கடை, காபி வறுப்பவர், வீட்டு அடுப்பில் ஜாம் காய்ச்சி விற்பவர் என்று சிறு வணிகர்கள். இரு தரப்புமே நம் பணம் போய்ச் சேர வேண்டிய இடங்கள்தான். அதற்காக மடத்தில் செய்தது எல்லாமே மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், டிசம்பர் 20ஆம் தேதி உருகிய சாக்லேட்டோ பழைய காபியோதான் வீடு வந்து சேரும். எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்தத் தேதிக்குள் சேர வேண்டும், பெறுபவர் எதைச் சாப்பிடுவார் என்ற மூன்றையும் வைத்து ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்வதே சரி.

மடங்கள் ஏன் கேக், கேரமல், ஜாம் என்று சில பண்டங்களையே செய்கின்றன? புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குமுறை 48ஆம் அதிகாரத்தில், தம் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் மெய்யான துறவிகள் என்கிறது. 57ஆம் அதிகாரம் விற்பனையைப் பற்றிப் பேசுகிறது: பேராசை நுழையக் கூடாது, வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும். ஆனால் வேலைக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். கென்டக்கியின் கெத்சமனி மடத்தில் நாளின் முதல் பொதுச் செபம் அதிகாலை 3.15க்குத் தொடங்குகிறது, பிறகு திருப்பலி, மற்ற செப வேளைகள், வாசிப்பு, இவற்றுக்கு நடுவில் சில மணி நேரம் வேலை. அன்றன்று விற்றாக வேண்டிய ரொட்டியோ கிரீம் கேக்கோ இந்த நாளுக்குள் அடங்காது. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து அடுக்கி வைத்து, கடைசி இரண்டு மாதத்தில் அனுப்பக்கூடிய பண்டமே ஒத்துவரும். மிசௌரி மாநிலம் ஏவா ஊரின் அசம்ப்ஷன் மடத்துத் துறவிகள் முன்பு கட்டடங்களுக்கான கான்கிரீட் கட்டிகளை வார்த்து விற்றார்கள். அந்தத் தொழில் நலிந்ததும் 1980களில் பழக்கேக்குக்கு மாறினார்கள். கேக்கும் கட்டியைப் போலவே கெடாமல் காத்திருக்கும் சரக்கு என்பதே அதன் வசதி.

இதனால் மடத்துச் சரக்கு பயணத்தைத் தாங்கும், அவசரத்துக்கு உதவாது. சிறு வணிகரிடம் பெரும்பாலும் இது தலைகீழ்.

பழக்கேக்

மடங்கள் தெளிவாக வெல்லும் களம் இது. அசம்ப்ஷன் மடத்துக் கேக் 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம். உலர்பழங்களை பர்கண்டி ஒயினில் ஊறவைத்து, வெந்த கேக்கில் ரம் செலுத்துகிறார்கள். கெத்சமனியின் கேக்கில் அந்த மாநிலத்துக்கே உரிய பர்பன் விஸ்கி. ஓரிகனின் குவாடலூப்பே அன்னை மடமும் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரைக் குன்றில் உள்ள நியூ கமால்டோலி மடமும் பிராந்தியில் நனைத்து மாதக்கணக்கில் பதப்படுத்துகின்றன. இந்தக் காத்திருப்பில்தான் சுவை இருக்கிறது. புதிதாக வெந்த பழக்கேக்கில் பழம் தனியாக, மாவு தனியாக நிற்கும். நாள் ஆக ஆகப் பழத்தின் ஈரமும் இனிப்பும் மாவுக்குள் இறங்கும். மது பூஞ்சையைத் தடுக்கும். சிறு பேக்கரி ஒன்றால் மூன்று மாதம் சரக்கையும் முதலையும் அலமாரியில் முடக்கி வைக்க முடியாது. மடத்தால் முடிகிறது.

மது வேண்டாதவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மதுப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்கள், முஸ்லிம் நண்பர்கள், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு மடத்துக் கேக்கை அனுப்பாதீர்கள். வேகும்போது மது முழுக்க ஆவியாகிவிடும் என்ற சமாதானம் இங்கே எடுபடாது, ஏனென்றால் பல மடங்கள் வெந்த பிறகே மதுவைச் சேர்க்கின்றன. டெக்சஸின் கார்சிகானாவில் 1896 முதல் இயங்கும் காலின் ஸ்ட்ரீட் பேக்கரியின் கேக்கில் மது கிடையாது. பீக்கன் பருப்பு தாராளம். ஜார்ஜியாவில் 1910இல் தொடங்கிய கிளாக்ஸ்டன் பேக்கரி 1 பவுண்டு பாளங்களாகச் செய்கிறது. விலை எளிது, பலருக்குப் பிரித்துக் கொடுக்க வசதி. இவை இரண்டும் இன்று சிறு கடைகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பழக்கேக்கே வேண்டாம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முட்டை உண்டு.

நாகர்கோவில், தூத்துக்குடி பக்கத்து பிளம் கேக்கில் வளர்ந்தவர்களுக்கு அனுப்பினால் ஒரு வரி எழுதிவையுங்கள். நம்மூர் கேக் கருகச் சீனிப் பாகால் நிறம் ஏறி, பொடியாக நறுக்கிய பழத்தோடு மெத்தென்று இருக்கும். அமெரிக்கப் பழக்கேக்கில் பழமும் பருப்பும்தான் பெரும்பங்கு. மாவு அவற்றை ஒட்டவைக்க மட்டும். பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டால் திகட்டும், பல்லில் ஒட்டும், 'இதென்ன கேக்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒருநாள் குளிர்பெட்டியில் வைத்து, பற்கள் உள்ள ரொட்டிக் கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, அரை அங்குலத்துக்கும் குறைவாகச் சீவ வேண்டும். வெட்டிய துண்டை அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பரிமாற வேண்டும். ஆளுக்கு 30 கிராம் போதும். 900 கிராம் கேக் 30 பேருக்கு வரும். விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

கேரமல், ஃபட்ஜ், சாக்லேட்

மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் 1949இல் வந்திறங்கிய டிராப்பிஸ்ட் கன்னியர் (பெனடிக்டின் ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றும் சபையினர்) மிட்டாய் செய்கிறார்கள். அங்கிருந்து 1964இல் அயோவாவுக்குப் போய் மிசிசிப்பி அன்னை மடத்தைத் தொடங்கியவர்கள் கேரமலுக்குப் பேர்போனவர்கள். ஒவ்வொரு கேரமலும் தனித் தாளில் சுற்றியிருக்கும். அலுவலகத்தில் 20 பேருக்குப் பரிசு என்றால் இதைவிட எளிதானது இல்லை. வெண்ணெய், பாலாடை, சர்க்கரை, சோளப் பாகு சேர்ந்த சாதா கேரமலில் முட்டை இருக்காது. பருப்பு சேர்த்த வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்கேரமலின் தரம் கடைசி இரண்டு மூன்று டிகிரியில் இருக்கிறது. பாகு 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் தாளோடு வழியும். தாண்டினால் பல்லைப் பதம் பார்க்கும். புதிய சிறு வணிகரிடம் வாங்குவதானால் முதலில் ஒரு சிறு பெட்டி வாங்கிச் சுவைத்துவிட்டு மொத்தமாகக் கேளுங்கள். வருடக்கணக்காக ஒரே செய்முறையில் நிற்கும் கன்னியர் மடத்தில் இந்தச் சோதனை தேவைப்படாது.

பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் ஃபட்ஜ் வேறு குணம். காற்றுப் பட்டால் ஓரம் காய்ந்து சர்க்கரை மணல் மணலாகும். மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால் வெங்காய வாடையை இழுத்துக்கொள்ளும். ஓரிகனின் அமிட்டியில் உள்ள பிரிஜித் சபைத் துறவிகளின் ஃபட்ஜும் கெத்சமனியின் பர்பன் ஃபட்ஜும் நல்லவை. ஆனால் பக்கத்து ஊரில் செம்புக் கொப்பரையில் கிண்டி அன்றே வெட்டித் தரும் மிட்டாய்க்காரர் இருந்தால், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசுக்கு அவரிடமே வாங்குங்கள். அன்று கிண்டிய ஃபட்ஜை எந்தத் தபாலும் சுமந்து வர முடியாது.

சாக்லேட் பூசியது எதுவாயினும் வெயில் காலத்தில் அனுப்ப வேண்டாம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். உருகி மீண்டும் இறுகினால் மேலே சாம்பல் பூத்தது போலாகும். கெட்டுப்போகவில்லை, ஆனால் பரிசு என்று நீட்ட முடியாது.

ஜாமும் தேனும்

மாசசூசெட்ஸின் ஸ்பென்சரில் உள்ள புனித சூசையப்பர் மடத்து ஜாம் 1950களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. பல சூப்பர்மார்க்கெட்டுகளில் கிடைப்பதால் தபால் செலவு இல்லாமலே வாங்கலாம். ஜாமுக்கு அது பெரிய லாபம். 12 அவுன்ஸ் ஜாம் 340 கிராம்தான். கண்ணாடியும் மூடியும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். ஆறு பாட்டில் தூர ஊருக்குப் போனால் ஜாமின் விலையோடு தபால் செலவு போட்டி போடும். அதனால் ஜாமில் என் முதல் தேர்வு, பெறுபவருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு உற்பத்தியாளர். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சர்க்கரை எவ்வளவு? 60 முதல் 65 சதவீதம் வரை சர்க்கரை ஏறிய ஜாமில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சர்க்கரை குறைத்த ஜாம் பழச்சுவையில் முந்தும். திறந்ததும் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், சில வாரங்களில் தீர வேண்டும். அதை லேபிளில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

வர்ஜீனியாவின் பெரிவில் ஊரில் உள்ள திருச்சிலுவை மடம் வெண்ணெய்போல் தடவும் பதத்துத் தேனுக்குப் பெயர் பெற்றது. தேனில் ஏற்கெனவே நுண்மையாக உறைந்த தேனைப் பத்தில் ஒரு பங்கு வரை கலந்து, 14 டிகிரி வாக்கில் வைத்தால் மொத்தமும் அதே நுண்பதத்தில் உறையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பதம் கலையும். மீண்டும் உறையும்போது கரகரக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது, கிளாஸ்ட்ரிடியம் என்ற நுண்ணுயிரியின் நச்சு ஆபத்து உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அனுப்பினால் அட்டையில் இதை எழுதிவிடுங்கள்.

காபி

வயோமிங் மாநிலத்துக் கார்மேல் துறவிகள் 2007 முதல் 'மிஸ்டிக் மாங்க்' என்ற பெயரில் காபி வறுத்து விற்கிறார்கள். பெயரும் படமும் பரிசுக்கு அழகு. ஆனாலும் காபியில் வறுத்த தேதிக்குத்தான் முதலிடம். கொட்டையாக இருந்தால் வறுத்து ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் சில நாளில் மணம் குறையும். தேதி போட்டு விற்கும் உள்ளூர்க்காரர் இருந்தால் இந்தப் பந்தயத்தில் அவரே வெல்வார். யாரிடம் வாங்கினாலும் தமிழ் வீட்டுக்கு அனுப்புவதானால் அரைக்காத கொட்டையாக, கறுக்க வறுத்ததாகக் கேளுங்கள். அமெரிக்க டிரிப் இயந்திரத்துக்கு அரைத்த தூள் நம் பித்தளை ஃபில்டருக்குக் கொரகொரப்பு. தண்ணீர் கடகடவென்று இறங்கி டிகாக்ஷன் நீர்த்துப்போகும்.

பாலாடைக்கட்டி

வர்ஜீனியாவின் குரோசே ஊருக்கு அருகே டிராப்பிஸ்ட் கன்னியர் செய்யும் கௌடா வகைக் கட்டி அருமையானது, டிசம்பரில் தேடினால் கிடைக்காது. சைவர்களுக்கு அனுப்புமுன் பால் உறையச் சேர்க்கும் ரென்னெட் கன்றிலிருந்து வந்ததா, நுண்ணுயிரியிலிருந்தா என்று கேட்டே ஆக வேண்டும். திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்பச் சொல்லுங்கள். வியாழனில் கிளம்பியது வார இறுதியில் கிடங்கிலேயே கிடக்கும்.

உண்மையில் மடத்தில் செய்ததா?

உறையில் துறவி படமும், மடம் என்று பொருள்படும் 'ஆபி' என்ற சொல்லும் இருப்பதால் மட்டும் அது மடத்துச் சரக்காகிவிடாது. 1997இல் அமைந்த சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கத்தின் அறுகோண முத்திரைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: மடத்தின் எல்லைக்குள் அல்லது அதன் அருகில் செய்ய வேண்டும், துறவிகள் செய்ய வேண்டும், அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும், வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டக் கூடாது. கார்மேல், பிரிஜித், கமால்டோலி சபையினருக்கு அது பொருந்தாது. மடத்தின் சொந்த இணையதளத்தில் அந்தப் பண்டம் இருக்கிறதா என்று பாருங்கள், போதும். முதுமையாலும் ஆள்குறைவாலும் சில மடங்கள் தயாரிப்பை நிறுத்துகின்றன. ஸ்பென்சர் மடம் 2022இல் தன் பீர் ஆலையை மூடியது. கூலிக்கு வெளியாட்கள் உதவுவதைக் குறையாக நினைக்க வேண்டாம், எண்பது வயதுச் சகோதரி கொப்பரை தூக்க முடியாது.

சிறு வணிகரிடம் கேட்க வேண்டியது வேறு. வீட்டுச் சமையலறையில் செய்து விற்க மாநிலங்கள் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் குளிர்பெட்டி தேவைப்படாத பண்டத்துக்கே அனுமதி. லேபிளில் வீட்டில் செய்தது என்ற குறிப்பும் ஒவ்வாமைப் பொருள்களும் இருக்க வேண்டும். பல இடங்களில் மாநில எல்லை தாண்டி அனுப்பக் கூடாது. அனுப்பலாமா என்று முன்பே கேட்பது அவரையும் காக்கும்.

தேதிகளும் பயணமும்

மடத்துப் பழக்கேக்கை அக்டோபரில், கேரமலை நவம்பர் முதல் வாரத்தில் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் தொடங்கியபின் பல மடங்களில் சரக்கு தீர்ந்துவிடும். தரைவழிப் பார்சல் கிழக்கிலிருந்து மேற்குக்கு ஐந்து வேலைநாள் எடுக்கும். அதனால் கிழக்குக் கரை நண்பருக்கு வர்ஜீனியா மடம், மேற்குக்கு ஓரிகன் மடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வாங்கும் பணம் நன்கொடை ஆகாது. வரிவிலக்கு வேண்டுமென்றால் காணிக்கையைத் தனியாக அனுப்புங்கள்.

ஊருக்கு விமானத்தில் எடுத்துப் போவதானால் ஜாமையும் தேனையும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அவை திரவக் கணக்கு, 100 மில்லிலிட்டருக்கு மேல் விட மாட்டார்கள். கேக், கேரமல், கெட்டி ஃபட்ஜ் கைப்பையில் போகும். தபாலில் அனுப்பினால் பெறுபவர் தலையில் சுங்கவரி விழும். இந்தியா 2019 டிசம்பரில் தபால், கூரியர் பரிசுகளுக்கு இருந்த 5,000 ரூபாய் வரைக்குமான வரிவிலக்கை நீக்கிவிட்டது. சென்னை வெயிலுக்கு இவற்றில் பழக்கேக்கே தாங்கும். கேரமலைக் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் ஈரக் காற்றில் இரண்டே நாளில் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.