கண்ணாடி அருமை, வளையம்தான் வேதனை: என் 8×42 பைனாகுலர்

இங்கே மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே 8×42 இப்போ பாதி விலைக்கு வருது, வாங்கிடலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். வலது கண் பக்கம் இருக்கும் டயாப்டர் வளையம் (இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்வது) வைத்த இடத்தில் நிற்பதே இல்லை. இடது கண்ணை நடுச்சக்கரத்தால் சரிசெய்து, பிறகு வலது கண்ணுக்கு இந்த வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே வேண்டியிருக்கக் கூடாது. என்னுடையதில் பையிலிருந்து எடுக்கும்போதே நகர்ந்துவிடுகிறது. சட்டைப் பொத்தான் உரசினாலும் நகர்கிறது. இடது கண்ணில் பறவை தெளிவாக இருக்கும், வலது கண்ணில் கலங்கியிருக்கும். பத்து நிமிடம் அப்படிப் பார்த்தால் தலைவலி.

வாங்கிய கடையிலேயே பழுதுபார்க்கக் கொடுத்தேன். பல வாரம் கழித்து, வளையம் அசையவே முடியாதபடி இறுக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பழைய கதைதான். உதிரிப் பாகம் வருவதில்லை என்று இப்போது கையை விரிக்கிறார்கள். விற்கும்போது இருந்த பேச்சு எங்கே போனது?

சரி, லென்ஸ் கண்ணாடிக்கு வருவோம். இதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கங்கா தலாவ் ஏரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பெத்ரேன் என்ற இடம். அங்கிருந்து மக்காபே காட்டுக்குள் விடிந்தும் விடியாத நேரத்தில் நடந்தால், மேகம் மரத்தோடு மரமாக நிற்கும். வெறுங்கண்ணுக்கு எல்லாம் சாம்பல் நிறம். இந்தக் கண்ணாடியில் கருங்காலி மரப்பட்டையின் பாசிகூடப் பச்சையாகத் தெரியும். 42 மில்லிமீட்டர் முகப்பும் எட்டு மடங்கு உருப்பெருக்கமும் இருட்டுக் காட்டுக்கு ஏற்ற கூட்டணி. பத்து மடங்கு வாங்கியவர்கள் கை நடுக்கத்தோடு அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். மழை எத்தனை முறை நனைத்தும் உள்ளே ஒரு துளி ஆவி படிந்ததில்லை.

மொரிஷியஸ் கிளியைத் தேடுபவருக்கு இந்தத் தெளிவு ஆடம்பரம் இல்லை, தேவை. வெளியிலிருந்து வந்து பரவிய சிவப்பு வளையக் கிளியும் இங்கே இருக்கிறது. பறக்கும்போது இரண்டும் பச்சைதான். நம் தீவின் கிளியில் பெண்ணுக்கு அலகு கருப்பு. வந்த கிளியில் ஆண், பெண் இரண்டுக்குமே சிவப்பு. ஒருநாள் காலை சீனக் கொய்யாப் புதருக்கு மேலே ஒரு கிளி அமர்ந்து தலையைத் திருப்பியது. அந்தக் கருப்பு அலகு, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பழச்சதை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அன்று வளையம் நகராமல் இருந்தது.

நகர்ந்த நாள் வேறு மாதிரி. இளஞ்சிவப்புப் புறா ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. துருச் சிவப்பு வால், வெளுத்த நுனியுள்ள அலகு, காலில் வண்ண வளையங்கள். 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்து வாக்கில்தான் மிஞ்சியிருந்த பறவை இது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, தீனி வைத்து, எலியையும் பூனையையும் கட்டுப்படுத்தி இன்று சில நூறாக்கியிருக்கிறார்கள் பறவைப் பாதுகாப்பில் இருப்பவர்கள். எந்தப் பறவை எது என்று அவர்கள் கண்டுபிடிப்பது அந்தக் கால் வளையங்களின் நிற வரிசையை வைத்துத்தான். நான் அதைக் குறித்துக்கொள்ள விரும்பினேன். மேல் வளையம் வெள்ளையா மஞ்சளா என்றே தெரியவில்லை. டயாப்டரைத் திருப்பிச் சரிசெய்வதற்குள் புறா பறந்துவிட்டது. அப்படியொரு பறவை அவ்வளவு அருகில் வந்தும், காலில் என்ன நிறம் என்று சொல்ல முடியாத பைனாகுலரை எப்படி மன்னிப்பது?

இப்போது சரியான இடத்தில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, மேலே துணி பிளாஸ்திரி சுற்றியிருக்கிறேன். காலைப் பொழுதில் பாதி நேரம் தாங்கும். ஈரத்தில் பசை இளகி விரலெல்லாம் ஒட்டும், மறுபடி சுற்ற வேண்டும்.

ஆக, தம்பி, வாங்காதே. பாதி விலை இல்லை, கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடி அருமை என்று இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். அந்தக் கண்ணாடி நல்லதாக இருப்பதால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். கொஞ்சம் காசு சேர்த்து, டயாப்டர் வளையத்தை இழுத்துத் திருப்பி, அழுத்திப் பூட்டும் வசதியுள்ளதை வாங்கு. கடையிலேயே பூட்டிவிட்டு, அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பைக்குள் நாலு தடவை போட்டு எடுத்துப் பார். அசைந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா.