கல்லடியில் ஒரு பூங்கன்று நிலையம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பின் மணல் வளவுகளில் பெரும்பாலான பூங்கன்றுகள் வாடிவிடுவதால், குறைந்த நீரில் பூப்பவற்றைத் தேடுவோருக்குக் கல்லடியிலுள்ள இந்தச் சிறு விற்பனை நிலையம் பயன்படும். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் இங்கு நிறையவே உண்டு. ஆயினும் வியப்பளிப்பது, சதைப்பற்றான தண்டில் நட்சத்திர வடிவில் பூக்கும் ஸ்டபீலியாதான். காற்றடைத்த பைபோன்ற அதன் மொட்டு வெடித்து விரிகையில், வெளிர்மஞ்சள் இதழ்களில் குறுக்காக ஓடும் செங்கபில வரிகளும் ஓரங்களில் மெல்லிய மயிர்களும் தெரிகின்றன. அழுகிய இறைச்சியின் நாற்றத்தால் ஏமாறும் இலையான்கள் பூவின் நடுவிலேயே முட்டையிட்டு, அந்த அலைச்சலில் மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன. (படுக்கையறை யன்னலருகே வைக்காதிருப்பது நல்லது.) ஆபிரிக்க வறண்ட நிலங்களுக்குரிய இவ்விரண்டும் நம் எருக்கின் குடும்பத்தவை என்பதையும், அடீனியத்தின் பால் நஞ்சு என்பதையும் விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை, சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது அவசியமான தகவல்.

சாடிகளில் நிரப்பியுள்ள கலவையில் தும்புத்தூள் மிகுதியாக இருப்பதால், மாரிக்கு முன்னர் ஆற்றுமணல் கூட்டி மாற்றி நடாவிட்டால் வேர் அழுகிவிடும். விலை சற்று அதிகமெனினும் கன்றுகள் நோயற்றவை. ஒட்டுக்கன்றுகளை மட்டும் பூத்திருக்கும்போது பார்த்து வாங்குங்கள், ஏனெனில் சீட்டில் எழுதிய நிறமும் பூக்கும் நிறமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.