வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மூங்கில் கூடையா, பிளாஸ்டிக் அடுக்கா?

காற்று: மூங்கில் கூடையில் நாலு பக்கமும் காற்று புகும், சின்ன வெங்காயம் ஈரம் கோக்காமல் சலசலவென்று காய்ந்தே கிடக்கும். பிளாஸ்டிக் அடுக்கில் ஓட்டை இருந்தாலும் அடியில் ஈரம் தேங்கி, ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

பராமரிப்பு: பிளாஸ்டிக்கைக் கழுவித் துடைத்தால் போதும். மூங்கில் ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடிக்கும், வெயில் கண்டதும் காயவைத்தே ஆகவேண்டும்.

இடம்: அடுக்கு ஒரு மூலையில் அடங்கிவிடும்.

எதுவானாலும் உருளைக்கிழங்கின் மேல் ஒரு சாக்கு போடுங்கள், வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடும். அப்புறம் இரண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், கிழங்கின் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது.

மொத்தமாக 5 கிலோ வெங்காயம் வாங்குபவர்களுக்கு மூங்கில்தான். வாரம் 1 கிலோ போதுமென்றால் பிளாஸ்டிக் அடுக்கே சரி.