அப்பாவின் துப்பாக்கி: மகன் பெயருக்கா, விற்பனைக்கா, ஒப்படைப்புக்கா?

பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா உரிமம் பெற்று வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் வீடுகளில் பெரும்பாலும் அவர் காலமான பிறகுதான் எழுகிறது. சட்டமோ, அவர் உயிரோடு இருக்கும்போதே இரண்டு நல்ல வழிகளைத் தருகிறது.

முதலாவது, வாரிசு உரிமம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆவது விதிப்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டுகள் இருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது, அவர் குறிப்பிடும் வாரிசு உரிமம் கோரலாம். பெயர் மாற்றம் என்று பேச்சில் சொன்னாலும் இது புதிய உரிமமே ஆகும். காவல்துறை அறிக்கை வர வேண்டும், வாரிசுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அப்பாவின் நற்பெயர் மகனுக்குச் செல்லுபடியாகாது. மகனிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், பரம்பரைச் சொத்தானாலும் மூன்றாவதற்கு இடமில்லை. அப்பா கடலூரிலும் மகன் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் பாகூரிலும் இருந்தால், மனு செல்ல வேண்டிய இடம் புதுச்சேரி ஆட்சியரகம். இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில் தாள்கள் நகர வேண்டியிருப்பதால், தாமதத்தை எதிர்பார்த்தே தொடங்குவது நல்லது.

இரண்டாவது, விற்பனை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க டீலர் உரிமம் தேவையில்லை. வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ (ஆட்சியருக்கோ) அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின், உரிய உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். இதையே தொழிலாக்கினால் கதை வேறு: உரிமமின்றி வணிகம் செய்வோருக்குக் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. விற்கும் முன் விசைக் கோளாறைச் சரிசெய்ய ஊர்க் கொல்லரிடம் கொடுப்பவர்கள், பழுதுபார்ப்பதற்கும், வணிகத்துக்குப் போலவே, ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பயன்படுத்த ஆளில்லாத வீட்டில், வாரிசு உரிமத்துக்கு அலைவதை விட விற்பதே என் பரிந்துரை.

அப்பா இறந்துவிட்டால் வழி குறுகிவிடுகிறது. உரிமமில்லாத மகன் அதை பீரோவில் வைத்திருப்பதே 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம் என்பதால், காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். டீலர் காப்புக் கட்டணம் கேட்பார். ஆனாலும் கடலூரின் உப்புக் காற்றில் குழல் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்கும் கை அவருடையது என்பதால் அவரையே விரும்புவேன். ஒப்படைத்த பின்னும் வாரிசு உரிமம் கோரலாம், ஆனால் மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் சேர்க்க வேண்டியிருக்கும், விற்கவும் செய்யலாம். விதிக்கப்பட்ட காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால், மாவட்ட நடுவரின் ஆணைப்படி துப்பாக்கி அரசுடைமையாகிவிடும். எங்கு ஒப்படைத்தாலும், குழலில் பொறித்த எண்ணும் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் ரசீதில் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.